பருத்தித் தோட்டத்து மேடை

என் மேசை இழுப்பறையில் இற்றைக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கசெற் கிடக்கிறது. உறையின்மீது நீல மையினால் ‘கொட்டன் கிளப்’ என்று தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவன் என் மாணாக்கருள் ஒருவன். நாடா தேய்ந்துவிட்டது. அதனைப் போட்டுக் கேட்பதற்குரிய கருவியும் இப்போது என்னிடம் இல்லை. அந்த இசையைக் கேட்கவேண்டுமாயின் கைத்தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம். எனினும், அதனை வீசிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியன் என்ற தோரணையில் நான் ஒருநாள் சொன்ன பிழையான சொல்லொன்றுக்கு அது சாட்சியாக இருக்கிறது.

அது 1991 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஓராண்டளவாகியிருந்தது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கியிருந்தன. பாட்டோ செய்தியோ கேட்க விரும்பியோர் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, மிதியைக் கையினாற் சுற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தைக் கொண்டு வானொலிப் பெட்டியை இயக்கினர். எங்கள் வீட்டு விறாந்தையிற் சனிக்கிழமைதோறும் கூடிய வாசிப்பு வட்டத்துக்கு உயர்தர வகுப்பு மாணவர் ஏழெட்டுப்பேர் வருவார்கள். அவர்களுள் ஒருவன் அன்று, கொழும்பிலிருந்து எவரோ கொணர்ந்து கொடுத்த இந்தக் கசெற்றைக் கொண்டுவந்திருந்தான். அவனே சைக்கிள் மிதியைச் சுற்றினான். பெட்டி பாடத் தொடங்கிற்று. அவன் கை சோரும்போது இசையும் சோர்ந்து இழுபட்டது. கை வேகங்கொண்டதும் நிமிர்ந்தது.

முதலிற் கிளரினெற்றுகள் ஒருமித்து, மேலிருந்து படிப்படியாக இறங்கி வந்தன. பின்னர், தொண்டை அடைத்த மனிதனொருவன் உறுமுவது போன்ற குரலில் ஒரு ட்ரம்பெற் பேசத் தொடங்கிற்று. டியூக் எலிங்டன் 1928 இல் இசைத்தட்டில் தந்த ‘த மூச்’ என்னும் ஆக்கத்தின் மறுவடிவம் அது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆனால், ஜாஸ் என்பது தெரிந்தது. ஜாஸைப்பற்றிக் கார்க்கி எழுதியதும் தெரியும். அதே 1928 ஆம் ஆண்டில் ‘பிராவ்தா’விலே வெளிவந்த கட்டுரையில் அவர் அதனைக் கொழுத்தவர்களின் இசை என்று சாடியிருந்தார். அதையே நான் எடுத்துச் சொன்னேன். “பணக்காரர் குடித்து ஆடுவதற்காகப் பிறந்த இசை இது, தம்பி. நாங்கள் இருக்கிற நிலையில் இதற்கு மினக்கெட வேணுமோ?” என்றும் கேட்டேன்.

அவன் மிதியைச் சுற்றிக்கொண்டே, “கேட்டவை கொழுத்த ஆக்களாய் இருக்கலாம், சேர். ஊதினவை ஆர்?” என்றான்.

எனக்கு மறுமொழி வரவில்லை. “சரி, நிப்பாட்டும், புத்தகத்தை எடுப்பம்” என்றேன். அவன் கையை எடுத்தான். இசை தாழ்ந்து, இழுபட்டு, நின்றது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாகாது. அவனுடைய பேரனார் எங்கள் ஊரின் சாவீடுகளிற் பறை முழக்கியவர். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். 1959 இல் என் பாட்டனார் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பறைமேளக்காரர் எங்கள் படலைக்கு வெளியே, வேலியோரமாக நின்றார்கள். வைக்கோலைக் கொளுத்தித் தோலைச் சூடேற்றி அவர்கள் முழக்கிய முழக்கத்தில் எங்கள் வீட்டுத் துயரம் ஊர் முழுவதன் துயரமாயிற்று. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தேநீர் சிரட்டையிற் கொடுக்கப்பட்டது. முழக்கம் உள்ளே வந்தது. முழக்கியவர் உள்ளே வரவில்லை. பின்னர், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது, அதனை ஆதரித்துப் பேசித் திரிந்த இளைஞருள் நானும் ஒருவன். அவ்வாறிருந்தும், ‘ஊதினவை ஆர்?’ என்ற கேள்வி என் விறாந்தையில் எழுந்தபோது நான் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன்.

அக்கேள்விக்குரிய மறுமொழியை நான் பின்னர் ஆண்டுக்கணக்கிற் படித்தே தேடிக்கொண்டேன்.

நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதி கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த இடம். அங்கே லெனொக்ஸ் அவெனியூவும் 142 ஆம் வீதியும் சந்திக்கும் மூலையில், கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜக் ஜோன்சன் 1920 இல் ஒரு கேளிக்கை விடுதியைத் தொடங்கினார். அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. கள்ளச் சாராய வணிகத்திற் பெயர்பெற்ற ஓவ்னி மடன் என்னும் வெள்ளையர் 1923 இல் அவ்விடுதியைக் கைப்பற்றி, அதற்குக் ‘கொட்டன் கிளப்’ என்று பெயரிட்டார். பருத்திக் கழகம் என்பது அதன் பொருள். பெயருக்கேற்பவே மேடையும் அமைந்தது. தென்மாநிலத்துப் பருத்தித் தோட்டத்துரையின் மாளிகை முகப்பு, வெள்ளைத் தூண்கள், பின்திரையில் அடிமைகளின் குடில்கள் ஆகிய இவையே அலங்காரம். எந்தத் தோட்டங்களின் கொடுமைக்குத் தப்பி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கி வந்தார்களோ, அந்தத் தோட்டத்தையே ஹார்லெமின் நடுவில் அட்டையிலும் சாயத்திலும் எழுப்பி, அதன் முன்னே அவர்களுடைய பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைத்தார்கள்.

மேடையிலே கறுப்பர், பரிமாறுவோர் கறுப்பர், சமையலறையிலே கறுப்பர், மேசைகளில் அமர்ந்திருப்போர் வெள்ளையர். புகழ்பெற்ற சிலருக்கு எப்போதாவது விதிவிலக்கு இருந்திருக்கலாம். சாதாரண கறுப்பினத்தவர் வாசலிலேயே தடுக்கப்பட்டனர். ஆட்ட நங்கையரைத் தெரிவதிலும் நிறம் அளவுகோலாயிற்று. உயரமும் இளமையும் போதா; தோல் வெளிறியதாகவும் இருக்கவேண்டும். அந்தத் தடையை மீறி இடம்பிடித்த கருநிறப் பெண்ணாகச் சொல்லப்படும் லூசில் வில்சனையே லூயி ஆம்ஸ்ட்ரோங் 1942 இல் மணந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞர்கள் விருந்தினரோடு சமமாக அமர்ந்து உண்ணும் வழக்கம் அங்கில்லை. அவர்கள் அடுத்த கட்டடத்தின் நிலவறைக்குச் சென்று தம்முட் கூடிக்கொண்டார்கள்.

இத்தகைய இடத்துக்கு 1927 டிசம்பரில் எலிங்டன் தமது குழுவோடு வந்து சேர்ந்தார். 1931 இன் தொடக்கம் வரை அதுவே அவருடைய தொழிற்களம். வானொலி அவருடைய இசையை அங்கிருந்து நாடெங்கும் பரப்பிற்று. வாசலைக் கடக்க அனுமதியில்லாத கறுப்பினத் தொழிலாளிகூடத் தன் வீட்டு வானொலியில் அந்த மண்டபத்தின் இசையைக் கேட்கக்கூடியதாயிற்று.

விடுதி முதலாளிகள் எலிங்டனிடம் எதிர்பார்த்தது ‘காட்டு இசை’. ஆபிரிக்கா என்றதும் வெள்ளை இரசிகனின் மனத்தில் எழும் கற்பனைக் காட்டுக்கு ஏற்ற ஒலியை அவர்கள் வேண்டினார்கள். எலிங்டனும் அவருடைய தோழர்களும் அந்தக் கட்டளையை எவ்வாறு நிறைவேற்றினார்கள் என்பதிலேயே கதையின் உயிர் இருக்கிறது. பபர் மைலி ட்ரம்பெற்றிலும் ஜோ நன்ரன் ட்ரொம்போனிலும் அந்த உறுமலை எழுப்பினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று, கழுவுதொட்டியில் அடைப்பெடுக்க உதவும் றப்பர்க் கிண்ணம். பணியாளனின் கையிலுள்ள கிண்ணத்தை வாத்தியத்தின் வாயிலே வைத்து மூடியும் திறந்தும், பித்தளையை அழவும் சிரிக்கவும் ஏசவும் செய்தார்கள். முதலாளி கேட்டது விலங்கின் குரல். அவர்கள் கொடுத்தது மனிதனின் குரல். 1927 இல் அடெலெய்ட் ஹோல் என்னும் பாடகி எலிங்டனின் ‘கிறியோல் லவ் கோல்’ இசைத்தட்டில் ஒரு சொல்லேனும் இல்லாமல் தம் குரலையே வாத்தியமாக்கிப் பாடினார். வாத்தியம் குரலாகவும் குரல் வாத்தியமாகவும் மாறிய விந்தை அது.

1930 இல் வந்த ‘மூட் இண்டிகோ’வைக் கேட்டவர்கள் அதன் தொடக்கத்தை மறக்கமாட்டார்கள். மூன்றே வாத்தியங்கள். வழக்கமாக மேலே ஒலிக்கும் கிளரினெற் இங்கே அடியாழத்தில் ஒலிக்கிறது. வாயடைத்த ட்ரம்பெற்றும் ட்ரொம்போனும் அதற்கு மேலே நெருங்கி நிற்கின்றன. மேலிருக்க வேண்டியது கீழும், கீழிருக்க வேண்டியது மேலுமாக வரிசை மாறியிருக்கிறது. இதனைச் சமூகப் புரட்சியின் குறியீடு என்று சொல்லி நான் வாசகரை நகைக்கவைக்க விரும்பவில்லை. ஆயின், பழகிய ஒழுங்கு ஒன்றே இயற்கையானது என்று நம்ப மறுக்கும் மூளையொன்று அங்கே வேலைசெய்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூளையின் உழைப்பும் முழுமையாக அதற்கே உரியதாக இருக்கவில்லை. எலிங்டனின் வெள்ளை முகாமையாளர் எர்விங் மில்ஸ் அவருடைய ஆக்கங்கள் பலவற்றிலே தமது பெயரையும் ஆக்கியோன் பெயராகச் சேர்த்து, உரிமைப் பணத்திற் பங்கு பெற்றார். ‘த மூச்’சிலும் ‘மூட் இண்டிகோ’விலும் அவர் பெயர் உண்டு. உபரி மதிப்பைப்பற்றி மாணாக்கருக்குப் படிப்பிக்கும்போது நான் பின்னாளில் ஆலைத் தொழிலாளியோடு இந்த இசைத்தட்டையும் உதாரணமாகக் காட்டுவதுண்டு. மில்ஸ் எலிங்டனுக்கு வாய்ப்புகளைத் தேடிக்கொடுத்தவர் என்பதும் உண்மையே. தோட்டத்துரையும் வேலை கொடுத்தவர்தாம்.

ஆகவே, கார்க்கி முழுக்கப் பிழையென்று சொல்லலாமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. இத்தாலியில் இருந்துகொண்டு ஐரோப்பிய உல்லாசிகளின் நடனப் பாட்டுகளைக் கேட்ட அவர், அந்தக் கூட்டத்தைச் சரியாகவே கண்டார். அவர் காணாதது மேடையை. நான் செய்த பிழையும் அதுவே. கேட்போனின் வர்க்கத்தைக் கொண்டு இசையின் வர்க்கத்தைத் தீர்மானித்தேன். இடதுசாரிகள் எல்லோரும் இவ்வாறு தீர்ப்பளித்தவர்கள் அல்லர். வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் பிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் ஜாஸைப்பற்றி எழுதி வந்தார். 1959 இல் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். அப்பெயரை அவர் பிராங்கி நியூட்டன் என்ற கறுப்பின ட்ரம்பெற் கலைஞரிடமிருந்து எடுத்துக்கொண்டார். அந்தக் கலைஞர் வாசித்த இடங்களுள் ஒன்று, 1938 இன் இறுதியில் நியூ யோர்க்கிலே திறக்கப்பட்ட கபே சொசைற்றி. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே அமர்ந்து கேட்டார்கள். பில்லி ஹொலிடே, தூக்கிலிட்டுக் கொல்லப்பட்ட கறுப்பரைப்பற்றிய பாடலை 1939 இற் பாடியதும் அங்கேதான். ஒரே நகரம், ஒரே இசை. மண்டபம் மட்டும் வேறு. மண்டபத்தை மாற்ற முடியும் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?

இனி, அந்தக் கசெற்றுக்கு வருகிறேன். அதிலிருந்தவை அக்காலத்து மூல ஒலிப்பதிவுகள் அல்ல. பிரான்சிஸ் போர்ட் கொப்பொலா நெறியாண்ட ‘த கொட்டன் கிளப்’ என்ற திரைப்படத்துக்காக 1984 இல் மீள வாசிக்கப்பட்டவை. படத்தின் இசைப்பொறுப்பு ஆங்கிலேயரான ஜோன் பாரியினுடையது. ஆனால், அவர் தம் சொந்த இசையைச் சிறிதளவே சேர்த்தார். எலிங்டனின் ஆக்கங்களைப் பழைய இசைத்தட்டுகளின் வழிநின்று உயிர்ப்பித்தவர், சிட்னி பெஷேயின் மாணாக்கரான பொப் வில்பர். ஒவ்வொரு வாத்தியத்தின் அசைவையும் காதினாற் பிரித்தறிந்து, ஐம்பதாண்டுக்கு முற்பட்ட மூச்சைப் புதிய தலைமுறைக் கலைஞரின் வாயிலே வைத்தார். அவ்விசைத்தட்டு பெரிய ஜாஸ் குழுவுக்குரிய கிராமி விருதைப் பெற்றது. எலிங்டன் 1974 இலேயே காலமாகிவிட்டார். 1965 இல் புலிட்சர் இசைக் குழுவினர் அவரைக் கௌரவிக்குமாறு பரிந்துரைத்தபோது மேற்சபை மறுத்தது. அவர் பிறந்த நூற்றாண்டான 1999 இலேயே அந்தச் சிறப்புக் கௌரவம் வந்தது. இடையில், 1963 இல், அமெரிக்க அரசு தன் நாட்டின் நற்பெயருக்குச் சாட்சியாக அவரையும் குழுவையும் ஆசிய நாடுகளுக்கு அனுப்பிற்று. கொழும்புக்கும் அவர்கள் வந்தார்கள். அந்தச் செப்டெம்பரிலேதான் அலபாமாவில் பேர்மிங்காம் நகரக் கறுப்பினத் தேவாலயமொன்றில் குண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமியர் கொல்லப்பட்டனர். வாசலில் நிறுத்துவோரே வெளியூருக்குப் போகும்போது மேளக்காரரை முன்னே விடுவார்கள்.

படத்தை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தேன். பார்த்தபோது பெரும் ஏமாற்றம் அடைந்தேன். ஐந்து கோடி டொலருக்கு மேல் விழுங்கிய அந்தப் படத்தின் நடுநாயகன் ஒரு வெள்ளைக் கோர்னெற் வாத்தியக்காரன். றிச்சட் கியர் அப்பாத்திரத்தை ஏற்று, தாமே வாசித்தும் இருக்கிறார். நடிப்பிற் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால், துப்பாக்கிக்காரரின் பூசல்களுக்கு நடுவே கறுப்பினக் கலைஞரின் ஆட்டமும் பாட்டும் துண்டுதுண்டாக வந்து மறைந்தன. கிரகரி ஹைன்ஸ், மொறிஸ் ஹைன்ஸ் என்னும் சகோதரர் காலினாலே தாளம் பேசக்கூடியவர்கள். அவர்கள் பேச்சு முடியுமுன் படத்தொகுப்பு அவர்களை வெட்டிவிடுகிறது. படத்திலே கறுப்பர் அதிகம், ஆட்டம் அதிகம் என்று பணம் போட்டவர்கள் கருதியதால் அவை குறைக்கப்பட்டன என்று கொப்பொலா பின்னர் கூறினார். ஹார்லெம் விடுதி 1935 கலவரத்தின் பின் மூடப்பட்டு, பிறொட்வேக்கு இடம்பெயர்ந்து, 1940 இல் ஒரேயடியாக மறைந்தது. ஆனால் அதன் வாசற்காவலன் மறையவில்லை. படத்தொகுப்பு மேசைக்கு அருகிற் போய் நின்றுகொண்டான் என்றே எனக்குத் தோன்றிற்று.

இசைத்தட்டில் நிலைமை வேறு. படத்திற் பேச்சுக்குப் பின்னால் அமுங்கிய ‘த மூச்’, ‘மூட் இண்டிகோ’, புகைவண்டியின் ஓட்டத்தை முழுக் குழுவும் ஒலிக்கும் ‘டேபிறேக் எக்ஸ்பிறஸ்’ முதலியன அதிலே தம் கால்களில் நிற்கின்றன. லொனெற் மக்கீ பாடும் ‘இல் விண்ட்’ தானே ஒரு நாடகமாக விரிகிறது. அந்தப் புகைவண்டி வெறும் வேடிக்கையன்று. தென்மாநிலங்களில் விடுதிகள் இடங்கொடுக்க மறுத்தபடியால், எலிங்டன் குழுவினர் தனியாக அமர்த்திய புகைவண்டிப் பெட்டிகளிலேயே படுத்துறங்கிப் பயணம் செய்த காலமும் உண்டு. படம் மறைத்ததை ஒலி வைத்திருந்தது. 1991 இல் அந்த மாணவன் கேட்டது படத்தையன்று, ஒலியை மட்டுமே. ஆதலால்தான் சரியான கேள்வி அவனிடம் எழுந்ததோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் வெளியேறியபோது, அவன் என் வீட்டுப் படலையில் நின்று இந்தக் கசெற்றைத் தந்தான். “என்னட்டை இருந்தால் துலைஞ்சுபோம், சேர்” என்றான். உள்ளே வாரும் என்று அன்று நான் அழைத்தேனா என்பது எனக்கு இப்போது நினைவில்லை. நினைவில்லை என்பதே என்னை உறுத்துகிறது.

அவன் இப்போது கனடாவிற் பேருந்து ஓட்டுகிறான். 2020 இல் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தான். கொப்பொலா தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, வெட்டப்பட்ட ஆட்டங்களையும் பாட்டுகளையும் மீளச்சேர்த்து, 2019 இல் அப்படத்தைப் புதிதாக வெளியிட்டிருந்தார். அதனைப் பார்த்துவிட்டே அவன் பேசினான். “வெட்டினதைத் திருப்பி ஒட்டியிருக்கினம், சேர். அண்ணன் தம்பி ரெண்டுபேரும் இப்ப முழுசா ஆடுகினம்” என்றான். முப்பத்தைந்து ஆண்டு கழித்தேனும் ஒரு பிழை திருத்தப்பட்டதில் அவன் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

அப்போதுதான் நான் அந்தச் சனிக்கிழமையைப்பற்றிப் பேசினேன். நான் சொன்னது பிழை என்றேன். நிறுத்தச் சொன்னது அதைவிடப் பெரிய பிழை என்றேன். அவன் சிறிதுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “அண்டைக்கு இரவு வீட்டை போய் மிச்சத்தைப் போட்டனான், சேர். பேரனும் கேட்டவர்” என்றான்.

முதுமையிற் கண்பார்வை மங்கிய அக்கிழவர், கதிரையின் கைப்பிடியில் விரல்களாற் தட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாராம். மொழி தெரியாது, நாடு தெரியாது, எலிங்டன் என்ற பெயரும் தெரியாது. இவர்கள் பெரிய பணக்காரரின் மண்டபத்தில் வாசித்தவர்கள் என்று மட்டும் பேரன் சொல்லியிருக்கிறான். பாட்டு முடிந்ததும் கிழவர் ஒன்றே ஒன்று கேட்டாராம்:

“உந்த ஆக்களுக்கு உள்ளுக்கை இருத்திச் சாப்பாடு குடுத்தவையோ?”

அவனுக்கு அன்று மறுமொழி தெரிந்திருக்கவில்லை. எனக்கு இன்று தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் அந்தப் பெரியவர் இப்போது இல்லை.